சாப்பாடு அல்லாத உபவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முன்வரும் நாற்பது நாளான லெந்து நெருங்கும்போதும், சபையில் உபவாச ஜெபம் அறிவிக்கப்படும்போதும் ஒரே மாதிரி சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். தவக்காலம், நோன்பு என்று சொல்லிப் பழகியவர்களும் தாராளமாக வாசிக்கலாம். பேசும் விஷயம் ஒன்றுதான்.

1. அக்கா, சாப்பாட்டை விடாமலே உபவாசம் இருக்கலாமா? அப்படி ஒண்ணு இருக்கா?

இருக்கிறது. நமக்கு அனுமதிக்கப்பட்ட, நல்லதான ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கிவைத்து, அது பிடித்திருந்த நேரத்தையும் மனதையும் ஜெபத்துக்குக் கொடுப்பதுதான் இது. ஃபோனாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், பொருள் வாங்குவதாக இருக்கலாம், பேச்சாகக்கூட இருக்கலாம். ஒதுக்கிவைப்பது பாதி வேலை. ஜெபம் என்ற மறுபாதி சேர்ந்தால்தான் அது உபவாசம்.

ஒன்றை முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வேதத்தில் உபவாசம் என்று வரும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே சாப்பாட்டைப் பற்றியவை. மோசே மலையில் 40 நாள் அப்பமும் தண்ணீரும் இல்லாமல் இருந்தார். எஸ்தர் 3 நாள் இருந்தாள். அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம் அல்ல. அதோடு சேர்ந்து நடக்கக்கூடிய ஒரு ஜெபப் பழக்கம் இது.

2. வேதத்துல எங்க இருக்கு? வசனம் காட்டுங்க.

தானியேல் 10-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூன்று வாரம் ருசியான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்ட தானியேல், அதே மூச்சில் "நான் பரிமளதைலம் பூசிக்கொள்ளவுமில்லை" என்கிறார். தைலம் சாப்பாடு அல்ல. உடம்புக்குக் கிடைக்கும் ஒரு சுகம். 6-ம் அதிகாரத்தில் தரியு ராஜாவைப் பாருங்கள். தானியேலைச் சிங்கக் கெபியில் போட்ட இரவில் அவன் சாப்பிடவில்லை, கீதவாத்தியத்தையும் தன் முன்னால் வரவிடவில்லை. இஸ்ரவேலன் அல்லாத ஒரு ராஜாவுக்கும், நெஞ்சு கனக்கும் நேரத்தில் இசையை நிறுத்தத் தோன்றியிருக்கிறது.

எண்ணாகமம் 6-ல் நசரேய விரதம் இருப்பவர், அதாவது கர்த்தருக்கென்று தன்னைப் பிரித்துவைப்பவர், திராட்சரசத்தோடு சவரக்கத்தியையும் விலக்குகிறார். 1 கொரிந்தியர் 7:5-ல், ஜெபத்துக்கு இடம் கொடுப்பதற்காகக் கணவனும் மனைவியும் கொஞ்சகாலம் பிரிந்திருக்கலாம் என்கிறார் பவுல். இதில் விடுவது தாம்பத்திய உறவை. காலம் குறித்து, ஜெபத்துக்காக, இருவரும் சம்மதித்து என்று மூன்று நிபந்தனைகளும் அங்கேயே இருக்கின்றன. சாப்பாடு அல்லாத உபவாசத்துக்கு இதைவிடத் தெளிவான இடம் வேறில்லை என்பது என் கருத்து.

3. இதெல்லாம் இந்தக் காலத்து ஃபேஷன்தானே? அந்தக் காலத்து விசுவாசிகள் இப்படியா செஞ்சாங்க?

387-ம் ஆண்டு லெந்து நாட்களை ஒட்டி அந்தியோகியாவில் புதிய வரியை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. மக்கள் ரோமப் பேரரசர் தியோடோசியுவின் சிலைகளைத் தள்ளி உடைத்தார்கள். என்ன தண்டனை வருமோ என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் அந்த ஊர்ச் சபையின் குருவான யோவான் கிறிசோஸ்தோம் தொடர்ந்து பிரசங்கித்தார். வாய் மட்டும் உபவாசித்தால் போதாது, கண்ணும் காதும் கையும் காலும் உபவாசிக்கட்டும் என்றார். பறவையையும் மீனையும் விட்டுவிட்டுச் சகோதரனைக் கடித்துத் தின்றால் என்ன பயன் என்று கேட்டார். அவர் சொன்ன காதின் உபவாசம், புறங்கூறுதலைக் கேட்க மறுப்பது.

எகிப்தின் பாலைவனத் துறவிகளில் ஒருவரான அகத்தோன், மௌனம் கற்றுக்கொள்வதற்காக மூன்று வருடம் வாயில் ஒரு கல்லை வைத்துக்கொண்டிருந்தார் என்று அந்தத் துறவிகளின் மொழிகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், நோன்புக்குப் பதிலாக வேறு ஒறுத்தல்களை, குறிப்பாக அன்புப் பணிகளையும் பக்தி முயற்சிகளையும், ஆயர் பேரவைகள் ஏற்படுத்தலாம் என்கிறது. இந்தக் காலத்தில் புதிதாக வந்தது ஃபோன் மட்டும்தான்.

4. எதை விடறதுன்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எது கஷ்டம் என்று தேடாதீர்கள். களைத்துப்போகும்போது, சலிப்பாக இருக்கும்போது, யாரோ ஏதோ சொல்லி மனது வலிக்கும்போது கை தானாக எங்கே போகிறது என்று சில நாட்கள் கவனியுங்கள். லிஃப்ட் வரும்வரை நிற்கும் அரை நிமிடத்தில் கட்டைவிரல் திரையைத் திறக்கும், இரண்டு முறை மேலே தள்ளும், ஒன்றையும் வாசிக்காமலே மூடும். லிஃப்டுக்குள் போனபின் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்களைக் கேட்காமலே நடந்த அந்த அசைவைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உபவாசத்துக்கான பொருள் அதன் பக்கத்தில்தான் இருக்கும்.

"எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்ற 1 கொரிந்தியர் 6:12-ஐ வைத்துக்கொண்டு உங்கள் நாளைப் பாருங்கள். எதைப் பற்றி யோசிக்கும்போது "அதை மட்டும் விட முடியாது, அது எனக்கு ரொம்பத் தேவை" என்று மனது வேகமாக வாதாடுகிறதோ, அங்கே நில்லுங்கள். உண்மையிலேயே தேவையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வேகத்தைக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

அப்புறம், இல்லாவிட்டாலும் தெரியாத ஒன்றை விட்டுப் பயனில்லை. சீரியலே பார்க்காதவர் சீரியலை விடுவதில் ஜெபத்துக்கு எந்த இடமும் திறக்காது. விடும் பொருளால் வேறொருவருக்குக் கஷ்டம் வரவும் கூடாது. அதைப் பற்றி 12-ம் கேள்வியில் பேசியிருக்கிறேன்.

5. எல்லாரும் ஃபோன், ஃபோன்னே சொல்றாங்க. வேற ஐடியா ஏதாவது சொல்லுங்களேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, கடைசி வார்த்தையை விடுவது. வீட்டிலோ அலுவலகத்திலோ பேச்சு சூடாகும்போது "அது அப்படியில்லை" என்று தொடங்கும் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற சங்கீதம் 141:3-ஐ மனதுக்குள் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் இன்னும் இரண்டு வாக்கியம் பேசுவார். பல நேரம் அவர் உண்மையில் சொல்லவந்தது அந்த இரண்டில்தான் இருக்கும். இதோடு ஒட்டியது, தன்னை நியாயப்படுத்திக்கொள்வதை விடுவது. யாராவது சிறு குறை சொன்னால் காரணம் சொல்லாமல் "சரி, பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். ஒரு வாரம் முயன்று பார்த்தவர்களுக்கு, நாள் முழுவதும் எத்தனை காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தெரியவரும்.

அவசரத்தை விடலாம். வரிசைகளில் நீளமானதைத் தேர்ந்தெடுத்து நின்று, முன்னால் நிற்பவர்களுக்காக ஒவ்வொருவராக ஜெபிக்கலாம். பயணத்தில் காதில் மாட்டும் ஹெட்ஃபோனை விடலாம். செய்தியை நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்த்து, அதில் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதில் வரும் மனிதர்களுக்காக ஜெபிக்கலாம். அவசியமில்லாத எதையும் வாங்காமல் இருக்கலாம். போட்டோ எடுக்காமல், எடுத்ததைப் போடாமல் இருக்கலாம். கேட்காதவரை கருத்துச் சொல்லாமல் இருக்கலாம். அரைமணி நேரத் தூக்கத்தை விட்டு, இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனதுபோல (மாற்கு 1:35) எழுந்து ஜெபிக்கலாம். ஆனால் ஏற்கெனவே தூக்கம் போதாதவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதைத் தொடவேண்டாம்.

முறுமுறுப்பை விடுவதையும் சொல்ல வேண்டும். வெயில், கூட்டம், தாமதம், முதுகுவலி என்று நாம் வாய் திறப்பதில் பாதி அதுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இருக்கிறவருக்குத்தான் தெரியும் அது எவ்வளவு கடினம் என்று.

6. நான் இந்த நாற்பது நாளும் பொய் சொல்றதை விடலாம்னு இருக்கேன். சரிதானே அக்கா?

பொய்யை விடுங்கள், ஆனால் நாற்பது நாளைக்கு அல்ல. பாவத்தைக் காலம் குறித்து விட முடியாது. 41-ம் நாள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். அதற்கு மனந்திரும்புதல் என்று பெயர். உபவாசத்தில் நல்லதை விடுகிறோம், நல்லதாகவே திரும்பப் பெறுகிறோம்.

ஆனால் ஏசாயா 58-ல் கர்த்தர் தமக்குப் பிரியமான உபவாசம் எது என்று சொல்லும்போது அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்ப்பதையும், பிறர்மேல் விரல் நீட்டுவதை அகற்றுவதையும் சொல்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அநியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும் உபவாசத்தை அவர் ஏற்பதில்லை என்பது அந்த அதிகாரம் முழுவதும் ஒலிக்கிறது. புறங்கூறுதல்போல ஊறிப்போன பழக்கத்தை எதிர்த்துப் போராட இந்த நாட்களைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். முடிவுத் தேதி மட்டும் போடாதீர்கள்.

7. விட்டுட்டேன். ஆனா அந்த நேரத்துல ஜெபம் வரமாட்டேங்குது. சும்மா உக்காந்திருக்கேன்.

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். மத்தேயு 12-ல் இயேசு சொன்ன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அசுத்த ஆவி போனபின் வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் வெறுமையாக இருக்கிறது. போனது ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அந்த வசனம் பேசுவது இன்னும் பெரிய காரியத்தைப் பற்றி. ஆனாலும் காலி இடம் காலியாகவே இருக்காது என்பது இங்கேயும் பொருந்தும். ஃபோனை விட்டவர் டிவி முன்னால் உட்காருவார், டிவியை விட்டவர் தூங்கிவிடுவார். ஆகவே விடுவதை முடிவுசெய்யும்போதே, அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் முடிவுசெய்யுங்கள். "ஜெபிப்பேன்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தச் சங்கீதம், யாருக்காக, எந்த நாற்காலியில் என்பதுவரை தெரிந்திருந்தால் நல்லது.

நீண்ட ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. கை ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்குப் போகும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "ஆண்டவரே, எனக்கு இரங்கும்" போதும். ஒரு பெயரைச் சொல்லி "இவரை நினைத்தருளும்" என்பது போதும். ஒரு நாளில் கை ஐம்பது முறை போகிறதென்றால் ஐம்பது முறை ஜெபிக்க அழைப்பு வருகிறது என்று அர்த்தம். முன்பு உங்களை இழுத்துக்கொண்டு போன அதே அசைவு இப்போது மணி அடித்துக் கூப்பிடுகிறது.

சும்மா உட்கார்ந்திருப்பதையும் வீண் என்று நினைக்காதீர்கள். அவர் சமுகத்தில் என்று தெரிந்து உட்கார்ந்தால், வார்த்தை வராத அந்தப் பத்து நிமிடமும் ஜெபம்தான்.

8. எத்தனை நாள் இருக்கணும்?

கட்டாயம் இல்லை. முதல்முறையென்றால் வாரத்தில் ஒரு நாள் போதும். "டிடாக்கே" என்ற மிகப் பழைய கிறிஸ்தவப் போதனை நூல், புதனும் வெள்ளியும் உபவாசிக்கச் சொல்கிறது. அந்த இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோரும் உண்டு. தானியேலைப்போல மூன்று வாரம் இருக்கலாம். லெந்து முழுவதும் இருக்கலாம். மேற்கத்திய சபைகளின் கணக்கில் லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள் வரும். உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறன்று உபவாசத்தைத் தளர்த்துவதா என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு உட்கார்ந்து யோசித்தால் மனது தனக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்லும்.

9. வேலையே ஃபோன்லதான். அதை எப்படி விட முடியும்?

முழுவதும் விடவேண்டாம், எல்லைக்கோட்டைத் தெளிவாகப் போடுங்கள். "ஃபோனைக் குறைத்துக்கொள்கிறேன்" என்பது இரண்டாம் நாளே கரைந்துவிடும். "அழைப்பும் வேலை மெசேஜும் உண்டு, வீடியோ, ஸ்டேட்டஸ், ஃபார்வர்ட் கிடையாது, இரவு ஒன்பதுக்குமேல் ஃபோன் வேறு அறையில்" என்பது நிற்கும். ஒரு காகிதத்தில் எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பலருடைய உபவாசம் காலையில் அலாரத்தை நிறுத்தும்போதுதான் முடிந்துபோகிறது.

வேதமே ஃபோனில்தான் வாசிக்கிறேன் என்பவர்கள் இந்த நாட்களுக்காவது அச்சிட்ட புத்தகத்தை எடுங்கள்.

10. நடுவுல ஒரு நாள் மறந்து பாத்துட்டேன். முதல்லேருந்து திரும்ப ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். அந்த நிமிடத்திலிருந்து தொடருங்கள். இது கடன் கணக்கு அல்ல, விட்டுப்போன நாளை யாரும் உங்களிடம் வசூலிக்கப் போவதில்லை.

11. உபவாசத்தை யாருக்கும் காட்டக்கூடாதுன்னு இயேசு சொன்னாரே. ஆனா மெசேஜுக்குப் பதில் போடலைன்னா எல்லாரும் கேப்பாங்களே?

மத்தேயு 6:16-18-ல் இயேசு தடுப்பது, மனுஷர் காணும்படியாக முகத்தை வாடவைப்பதை. தலைக்கு எண்ணெய் பூசி, முகத்தைக் கழுவி, வழக்கம்போல இரு என்கிறார். பிறருக்குத் தெரிந்துவிட்டாலே உபவாசம் கெட்டுவிடும் என்று அவர் சொல்லவில்லை. நினிவே நகரமே சேர்ந்து உபவாசித்தது. அந்தியோகியா சபை சேர்ந்து உபவாசித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது. யாருக்காகச் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஆகவே தெரிந்தாகவேண்டியவர்களுக்கு ஒரு வரியில் சொல்லுங்கள்: "கொஞ்ச நாளைக்கு மாலையில்தான் மெசேஜ் பார்ப்பேன், அவசரமென்றால் கூப்பிடுங்கள்." காரணம் கேட்டால் மறைக்கவேண்டாம். ஆனால் "நாற்பது நாள் சமூக ஊடகத்திலிருந்து விடைபெறுகிறேன், ஜெபியுங்கள்" என்று நீண்ட பதிவு போட்டுவிட்டு, அதற்கு எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்று பார்க்கத் தோன்றினால், அந்தப் பலனை வாங்கியாகிவிட்டது என்று இயேசுவே சொல்லிவிட்டார்.

12. எங்க வீட்டுக்காரர் மௌன உபவாசம்னு ஒரு வாரமா பேசாம இருக்கார். எனக்குத்தான் பைத்தியம் பிடிக்குது. இது சரியா அக்கா?

சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் சம்மதம் இல்லாமல் தொடங்கியிருந்தால் நிச்சயமாகச் சரியில்லை. கணவன் மனைவிக்கிடையில் இருவரின் சம்மதம் வேண்டும் என்று 2-ம் கேள்வியில் பார்த்த வசனமே சொல்கிறது. பேச்சுக்கும் அதே நியாயம் பொருந்தும். வீட்டில் ஒருவர் மௌனமானால் பிள்ளைகளைப் பார்ப்பது, வாசலில் வருகிறவருக்குப் பதில் சொல்வது, நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பது எல்லாம் இன்னொருவர் தலையில் விழும். ஏசாயா 58:3-ல் கர்த்தர் குற்றம் சாட்டுவது இப்படிப்பட்டதைத்தான்: உபவாச நாளில் தங்கள் விருப்பப்படி நடந்துகொண்டு, மற்றவர்களிடம் வேலையைக் கட்டாயப்படுத்தி வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். சண்டைக்குப் பிறகு வரும் மௌனத்துக்கு உபவாசம் என்று பெயர் வைக்கக்கூடாது. அது தண்டனை. மௌனம் வேண்டுமென்றால் காலை ஒரு மணி நேரம், அல்லது இருவருமாகச் சேர்ந்து ஒரு அரைநாள் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கோபப்படாமல் இதைக் காட்டுங்கள். வீட்டுக்காரியின் உபவாசத்தால் கணவருக்குக் கஷ்டம் வந்தாலும் என் பதில் இதேதான்.

13. எனக்கு சுகர் இருக்கு, சாப்பாட்டை விட முடியாது. இது இரண்டாம் தரமான உபவாசம்தானே?

இல்லை. கர்த்தர் கேட்பது உங்கள் இருதயத்தை. யோவேல் 2:13-ல் "வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து" என்கிறார். கத்தோலிக்கச் சட்டப்படி நோன்பின் கடமையே 18 வயது முடிந்தவர்களுக்கு, 59 வயது முடியும்வரைதான். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அதில் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், நேரத்துக்கு மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவேண்டாம். மாத்திரையை எந்த உபவாசத்துக்காகவும் நிறுத்தவேண்டாம்.

சாப்பாட்டோடு ஏற்கெனவே போராடுபவர்கள், அதாவது சாப்பிடப் பயப்படுபவர்கள், சாப்பிட்டதற்காகத் தங்களைத் தண்டித்துக்கொள்பவர்கள், சாப்பாட்டு உபவாசத்தைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு நான் சொல்வது, கண்ணாடியிலும் எடை மெஷினிலும் தங்களை அளப்பதை விடுவது. அந்த நேரத்தில் சங்கீதம் 139-ஐ வாசிக்கட்டும். சிகிச்சையும் அதோடு சேர்ந்தே நடக்கட்டும்.

14. நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்க சாப்பாட்டைத் தவிர்க்காம இதை மட்டும் செஞ்சா, அது தப்பிக்கிற வழி இல்லையா?

சிலருக்கு அப்படித்தான். பசியில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. நாம் மண் என்பதை உடம்பே சொல்லித்தரும், ஃபோனை விட்டு அதைக் கற்றுக்கொள்ள முடியாது. "சாப்பாட்டை மட்டும் கேட்காதீர்கள்" என்று உங்கள் மனது சொன்னால், 4-ம் கேள்வியில் சொன்ன சோதனையை அங்கேயும் போட்டுப் பாருங்கள். உடம்பு அனுமதித்தால் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒருவேளை உணவை விட்டுவிட்டு அந்த நேரம் முழுவதும் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பதும் தப்பிக்கிற வழிதானே.

15. இதுக்கும் டிஜிட்டல் டீடாக்ஸுக்கும் என்ன வித்தியாசம்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டிலும் நன்றாகத் தூக்கம் வரும், நேரம் மிச்சமாகும். சகரியா 7:5-ல், எழுபது வருடம் உபவாசித்தவர்களிடம் கர்த்தர் கேட்கிறார்: "எனக்கென்றுதானா உபவாசம்பண்ணினீர்கள்?" வித்தியாசம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. தூக்கம் வராவிட்டாலும், நேரம் மிச்சமாகாவிட்டாலும் இதைச் செய்வேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

16. இப்படி இருந்தா நான் கேக்கிறது கிடைக்குமா? ஒரு காரியத்துக்காகத்தான் இருக்கேன்.

ஒரு காரியத்தை முன்வைத்து உபவாசிப்பது வேதத்தில் நிறைய உண்டு, கேளுங்கள். ஆனால் விலை பேசாதீர்கள். தாவீது தன் குழந்தைக்காக உபவாசித்துத் தரையில் கிடந்தார். ஏழாம் நாள் குழந்தை இறந்தது (2 சாமுவேல் 12). எழுந்து குளித்து, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டபின்தான் சாப்பிட்டார். கேட்டது கிடைக்காத உபவாசமும் வேதத்தில் எழுதப்பட்டிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். உங்கள் காரியத்தில் வேறு பதில் வந்தால், அது நீங்கள் சரியாக உபவாசிக்காததால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

17. விட்டதுல கொஞ்சம் காசு மிச்சமாகுது. அதை என்ன செய்ய?

கொடுத்துவிடுங்கள். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த "எர்மாவின் மேய்ப்பன்" என்ற நூல், உபவாச நாளில் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அதை விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுக்கச் சொல்கிறது. ஏசாயா 58:7-ம் பசியுள்ளவனுக்குப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றியே பேசுகிறது. வாங்காமல் விட்ட சட்டைக்கும் நிறுத்திய சந்தாவுக்கும் இதே கணக்குதான். மிச்சத்தைச் சேர்த்துவைத்து ஈஸ்டருக்குப் பிறகு அதே சட்டையை வாங்கினால் அது வெறும் சேமிப்பு.

18. பிள்ளைங்களையும் சேர்த்துக்கலாமா?

சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எதை விடுவது என்பதை அவர்களே சொல்லட்டும். சிறியதாக, ஒரு நாள் அளவில் இருக்கட்டும். நீங்கள் வெறுக்கும் விளையாட்டை உபவாசத்தின் பெயரில் பிடுங்காதீர்கள். அடுத்த முறை உபவாசம் என்ற சொல்லே அவர்களுக்குத் தண்டனையாகக் கேட்கும். அவர்கள் பார்க்க நீங்களும் ஒன்றை விடுங்கள்.

19. ஆரம்பிச்சதுலேருந்து மனசு அமைதியாகும்னு பாத்தா எரிச்சலும் அழுகையும்தான் வருது. நான் ஏதாவது தப்பா செய்றேனா?

தப்பு ஒன்றும் இல்லை. நாம் விட்ட பொருள் பல நேரம் ஏதோ ஒன்றை மூடி வைத்திருக்கும். ஒருவர் எப்போதும் பாட்டு போட்டுக்கொண்டே இருந்தது, வீட்டின் வெறுமையைக் கேட்காமல் இருப்பதற்காக இருக்கலாம். இன்னொருவர் இரவெல்லாம் வீடியோ பார்த்தது, படுத்ததும் வரும் ஒரு நினைவுக்குப் பயந்து இருக்கலாம். மூடியை எடுத்ததும் அது மேலே வருகிறது. அதை மறுபடி மூடாமல் அப்படியே ஜெபத்தில் சொல்லுங்கள். சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள்; 13, 42, 88 ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அப்படி முடிக்கவும் நமக்கு அனுமதி இருக்கிறது.

ஆனால் நாட்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் உபவாசத்தை நிறுத்திவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் அன்றே பேசுங்கள். தனியாகத் தாங்கவேண்டாம்.

20. முடிஞ்சதும் எல்லாத்தையும் பழையபடி ஆரம்பிச்சிடலாமா?

ஆரம்பிக்கலாம். விட்டது நல்ல பொருள் என்றுதானே 6-ம் கேள்வியில் சொன்னேன். ஈஸ்டர் காலையில் பாட்டை விட்டவர் பாட்டுப் போடட்டும், சந்தோஷமாகப் போடட்டும். பண்டிகையைக் கொண்டாடத் தயங்குவதில் பக்தி ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்காமல் இருப்பது நல்லது. முடிவதற்கு முந்தின நாள் அந்த 9-ம் கேள்விக் காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: எது உண்மையில் தேவைப்பட்டது, எதை ஒருமுறைகூட நினைக்கவில்லை, எது இல்லாதபோது யாரோடு கூடுதலாகப் பேசினீர்கள். நினைக்காத ஆப்பை ஃபோனில் திரும்ப ஏற்றவேண்டியதில்லை. ஜெபத்தில் வந்த பெயர்களையும் அதே காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, அந்த வாரத்திலேயே அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.